கோடியக்கரைக்கு ஒரு டிரிப் பிளான்: உப்பு, வெளிமான், பூநாரை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

லாங் வீக்கெண்ட் வருதுன்னா எல்லா வாட்ஸப் குரூப்லயும் ஓடுறது ஒரே கேள்விதான்: பீச்சா, மலையா? பீச்னா பாண்டி, மலைன்னா ஏற்காடு. ரெண்டு கோஷ்டியும் மூணு நாள் அடிச்சுக்கும். நாலாவது நாள் ஒருத்தர் "எனக்கு லீவ் அப்ரூவ் ஆகல"ன்னு மெசேஜ் போடுவார். பிளான் அத்தோட குளோஸ்.

அதனால இன்னைக்கு ரெண்டு கோஷ்டிக்கும் பொதுவா ஒரு இடம் சொல்றேன். கடல் இருக்கு, காடும் இருக்கு. மான் கூட்டம் கூட்டமா மேயும். குளிர்காலத்துல சைபீரியா பக்கத்துல இருந்தெல்லாம் பறவைகள் வந்து இறங்கும். கடலாமை கரையேறி முட்டை போடும். எல்லாம் ஒரே ஊர்ல, ஒரு நாள் சுத்துற தூரத்துல. ஊர் பேரு கோடியக்கரை. நாகப்பட்டினம் மாவட்டம், வேதாரண்யத்துக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர் சொச்சம்.

ஆனா இது ஹிஸ்டரி ஷோ. ஹோட்டல் ரேட்டிங் இங்க கிடைக்காது. நான் தரப்போறது ஒரு டிரிப் பிளான், அதுல ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு வருஷம் இருக்கு. எல்லா ஸ்டாப்லயும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இந்தக் கரையில, தரையில கிடக்கிற ஒரு பொருளை ஒரு மனுஷன் குனிஞ்சு எடுக்கலாமா? கூடாதுன்னா, அதைச் சொல்ற உரிமை யாருக்கு? கேட்க சின்ன கேள்விதான். இந்த ஊர்ல இதுக்காக ஆட்கள் ஜெயிலுக்குப் போயிருக்காங்க.

முதல்ல மேப்பைத் திறங்க

தமிழ்நாட்டுக் கரையை சென்னையில இருந்து விரலால தடவிக்கிட்டே தெற்கே வாங்க. கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. நேரா இறங்கிக்கிட்டே இருக்கிற கோடு ஒரு இடத்துல திடீர்னு மேற்குப் பக்கம் மடங்கும். அந்த மூலைதான் கோடியக்கரை. 'கோடி'ன்னா கடைசி முனை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. அதைத் தாண்டினா இலங்கை.

ஆங்கிலத்துல இதோட பேரு பாயின்ட் கலிமியர். 'கள்ளிமேடு'ங்கிற தமிழ்ப் பேர்தான் வெள்ளைக்காரங்க வாயில இப்படி ஆச்சுன்னு சொல்றாங்க.

மூலைக்கு உள்பக்கமா, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக்காடு வரைக்கும், ஒரு பெரிய சதுப்பு நிலம் நீண்டு கிடக்கு. மழைக்காலத்துல தண்ணி நிக்கும், கடல் தண்ணியும் உள்ள ஏறும். கோடையில வெயில் அடிச்சு எல்லாம் வத்தினதும், தரையில வெள்ளையா ஒரு படிவம் மிஞ்சும். உப்பு. யாரும் விதைக்கல, யாரும் தண்ணி பாய்ச்சல. தானா விளையுது. இந்த எபிசோடோட முக்கிய கதாபாத்திரம் அந்த உப்புதான்.

ஸ்டாப் 1: அகஸ்தியம்பள்ளி, 1930

திருத்துறைப்பூண்டியில இருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர் ரயில் பாதை ஒண்ணு இருக்கு. பழைய மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையா மாத்தி 2023 ஏப்ரல்ல திரும்பத் திறந்தாங்க. ஒரு காலத்துல இந்த ரயில் கோடியக்கரை வரைக்கும் போச்சு. இப்போ அகஸ்தியம்பள்ளிதான் கடைசி ஸ்டேஷன். நம்ம டிரிப் அங்கதான் தொடங்குது. இறங்கினா சுத்தி உப்பளங்கள். பக்கத்துல ஒரு நினைவு ஸ்தூபி.

கதைக்குள்ள போகும் முன்னாடி உப்புச் சட்டத்தைப் புரிஞ்சுக்கணும். சென்னை மாகாணத்துல கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல உப்பைத் தன்னோட ஏகபோகம் ஆக்கியது. உப்பு காய்ச்சினா அரசாங்கத்துக்காகத்தான் காய்ச்சணும். வாங்கினா அரசாங்கம் போட்ட வரியோட சேர்த்துத்தான் வாங்கணும். வீட்டுக்குப் பின்னாடி சதுப்புல தானா விளைஞ்ச உப்பை ஒரு கைப்பிடி அள்ளினாலும் அது திருட்டு. அப்படி விளைஞ்ச உப்பை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு மண்ணோட கலந்து அழிக்கிறதுக்கும் சர்க்கார் ஆட்கள் இருந்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, கடல் இலவசமாக் கொடுக்கிற ஒரு சர்வீஸை பிளாக் பண்ணிட்டு, அதையே சப்ஸ்கிரிப்ஷன் போட்டு வித்தாங்க. உப்பு இல்லாம யாரும் சாப்பிட முடியாதுங்கிறதால, அன்சப்ஸ்கிரைப் பட்டனும் கிடையாது.

1930 மார்ச், ஏப்ரல்ல காந்தி தண்டிக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதே ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில இருந்து ராஜாஜி தலைமையில சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியா வேதாரண்யம். ஏறக்குறைய 240 கிலோமீட்டர். சித்திரை வெயில்ல 15 நாள் நடை. நாமக்கல் கவிஞர் இதுக்குன்னே எழுதிக் கொடுத்த வழிநடைப் பாட்டைப் பாடிக்கிட்டே போனாங்க.

அப்போ இந்தப் பகுதி தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்தது. கலெக்டர் ஜே. ஏ. தார்ன். ஊர்வலத்தைத் தடியால அடிச்சா தேசம் பூரா நியூஸ் ஆகும்னு அவருக்குத் தெரியும். அதனால வேற வழி பார்த்தார். இந்தத் தொண்டர்களுக்கு யாராவது சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில், கூடவே அபராதம்னு அறிவிச்சார். நடக்கிறவங்களைத் தொட வேண்டாம், அவங்களுக்கு ஒரு வாய் சோறு கொடுக்கிற கையைக் கட்டிட்டா போதும், கூட்டம் தானாக் கலைஞ்சிடும்னு கணக்கு.

ஊர்க்காரங்க அந்தக் கணக்கைத் தப்பாக்கினாங்க. நேருக்கு நேர் சோறு கொடுத்தாத்தானே குற்றம்? சாப்பாட்டைப் பொட்டலமாக் கட்டி, தொண்டர்கள் வர்ற வழியில இருக்கிற மரக்கிளையில தொங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. நடந்து வர்றவங்க எடுத்துச் சாப்பிட்டாங்க. யார் கட்டினாங்க? தெரியாது. எந்த மரத்து மேல கேஸ் போடுறது? வேதாரண்யம் பக்கம் இந்தக் கதையை இன்னும் பெருமையாச் சொல்வாங்க. வரலாற்றுப் புத்தகத்துல நமக்கு ராஜாஜி பேர் இருக்கு, கவிஞர் பேர் இருக்கு, கலெக்டர் பேர் இருக்கு. அந்தப் பொட்டலத்தைக் கட்டின அம்மாக்கள்ல பெரும்பாலானவங்க பேர் நமக்குத் தெரியாது. பேர் தெரியக் கூடாதுங்கிறதுதான் அவங்க திட்டமே.

வேதாரண்யத்துல எல்லா ஏற்பாட்டையும் தோள்ல சுமந்தவர் உள்ளூர் உப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த வேதரத்தினம் பிள்ளை. பின்னாடி சர்தார் வேதரத்தினம்னு பேர் பெற்றவர். ஜெயிலும் போனார், சொத்தையும் இழந்தார். 1946-ல பெண் குழந்தைகளுக்காக கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை அதே ஊர்ல தொடங்கினார். அது இன்னைக்கும் இருக்கு.

ஏப்ரல் 28 ஊர்வலம் வேதாரண்யம் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 30 காலையில ராஜாஜி அகஸ்தியம்பள்ளிப் பக்கம் சதுப்புல இறங்கி, குனிஞ்சு உப்பை அள்ளினார். கைது. ஆறு மாதம் ஜெயில். கவனிங்க, சோறு போட்டாலும் ஆறு மாதம்தான், உப்பு அள்ளினாலும் ஆறு மாதம்தான். அவர் போன பிறகும் தொண்டர்கள் வாரக்கணக்கா உப்பு எடுத்துக்கிட்டே இருந்தாங்க.

அடுத்த வருஷம் மார்ச்ல காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்தது. அதுல உப்பைப் பத்தி ஒரு பிரிவு உண்டு, பெருசா யாரும் பேசுறதில்ல. உப்பு விளையுற இடத்தை ஒட்டி இருக்கிற கிராம மக்கள், தங்களோட சொந்த உபயோகத்துக்கும் ஊருக்குள்ள விக்கிறதுக்கும் உப்பு எடுக்கலாம். வெளியூருக்குக் கொண்டு போய் வியாபாரம் பண்ணக் கூடாது. வரி முழுசா ஒழிஞ்சது 1947-லதான். ஆனா 1931-லேயே ஒரு சட்டம் சமையல்கட்டையும் சந்தையையும் பிரிச்சுப் பார்த்துடுச்சு. இதை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ஸ்டாப் 2: கோடிக்குழகர் கோயில், ராமர் பாதம்

அகஸ்தியம்பள்ளியில இருந்து ரோடு தெற்கே கோடியக்காடு வழியாப் போகும். அங்க குழகர் கோயில்னு ஒரு சிவன் கோயில். தேவாரம் பாடின சுந்தரர், ஏறக்குறைய 1,200 வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கோயிலைப் பாடியிருக்கார். அந்தப் பதிகம் ஒரு வகையில ஒரு டிராவல் ரிவ்யூ, அதுவும் ரொம்ப கவலையான ரிவ்யூ. கடல் காத்து இப்படி அடிக்குது, பக்கத்துல குடியிருப்பே இல்ல, காட்டுல ஆந்தை அலறுது, இங்க ஏன் தனியா இருக்கீங்கன்னு சிவனையே கேட்கிறார்.

இதுல இருந்து ஒண்ணு தெரியுது. இந்தக் காடு சமீபத்துல நட்டு வளர்த்த பார்க் கிடையாது. பாலை மரமும் முள்ளுப் புதரும் பின்னிக் கிடக்கிற இந்த உலர் பசுமைக்காடு சோழமண்டலக் கரை நெடுகவும் ஒரு காலத்துல இருந்த வகை. இப்போ அங்கங்க துண்டு துண்டாத்தான் மிச்சம். கோடியக்கரையில இருக்கிறது அதுல பெரிய துண்டு.

இன்னும் கொஞ்சம் உள்ள போனா ராமர் பாதம்னு ஒரு மணல்மேடு, மேல சின்ன மண்டபம். ராமர் இங்க நின்னுதான் இலங்கைப் பக்கம் பார்த்தார்ங்கிறது நம்பிக்கை. இந்தத் தட்டையான ஊர்ல இதுதான் உயரமான இடம். ஆடி அமாவாசை, தை அமாவாசைன்னா சுத்துப்பட்டு ஊர் ஜனங்க எல்லாம் இந்தக் கடல்ல முழுக்குப் போட வந்துடுவாங்க. நமக்கு இது 'ஹிட்டன் ஸ்பாட்'. அவங்களுக்கு தாத்தா பாட்டி காலத்துல இருந்து வர்ற இடம்.

ஸ்டாப் 3: புல்வெளி, 1967

இப்போ எல்லாரும் காத்திருக்கிற மான். இது புள்ளிமான் இல்ல, அதுவும் இங்க இருக்கு. நாம பார்க்க வந்தது வெளிமான். ஆண் மானுக்கு மேல கரும்பழுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கி முறுக்கி மேல போற கொம்பு. பேர்லயே 'வெளி' இருக்கு, பாருங்க. இதுக்கு அடர்ந்த காடு ஆகாது. திறந்த வெளி வேணும். ஆபத்துன்னா ஒளியாது, ஓடும். ஓடுறதுக்கு எதிர்ல நிலம் காலியா இருக்கணும்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில இது இவ்வளவு பெரிய கூட்டமா வாழுற இடம் இதுதான். 1962-ல பறவையியல் அறிஞர் சாலிம் அலி இந்த இடத்தோட அருமையைக் கவனிச்சுச் சொன்னார். 1967 ஜூன்ல அரசு இதை வனவிலங்கு சரணாலயமா அறிவிச்சது. அப்போ பரப்பு 17.26 சதுர கிலோமீட்டர். நம்ம பழக்கத்துக்குச் சொன்னா, நீளவாக்குல 6 கிலோமீட்டர், அகலத்துல 3 கிலோமீட்டர் மாதிரி ஒரு துண்டு. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ வெளிமான் அதுல முதல் அட்டவணையில ஏறியது, புலி யானைக்குக் கொடுக்கிற அதே பாதுகாப்பு.

இங்கதான் எனக்கு ஒரு உறுத்தல். 1930-ல இதே கரையில, 'இங்க கிடக்கிறதை நீ எடுக்கக் கூடாது'ன்னு ஒரு சர்க்கார் சொன்னது. அதை மீறினவங்களைத் தியாகின்னு கொண்டாடுறோம், ஸ்தூபி வெச்சிருக்கோம். 1967-க்குப் பிறகு, அங்க இருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி, 'இங்க கிடக்கிறதை நீ எடுக்கக் கூடாது'ன்னு இன்னொரு சர்க்கார் சொல்லுது. அனுமதியில்லாம விறகு பொறுக்கினா, மாடு மேய்ச்சா, பழம் பறிச்சா குற்றம். இதை மீறினவங்களுக்கு ஸ்தூபி கிடையாது. ரெண்டு கோட்டுக்கும் என்ன வித்தியாசம்?

நிச்சயமா வித்தியாசம் இருக்கு. உப்பை இன்னைக்கு அள்ளினா அடுத்த கோடையில கடல் திரும்பக் கொடுக்கும். அந்தத் தடை உப்பைக் காப்பாத்தப் போட்டதில்ல, கஜானாவுக்குப் போட்டது. வெளிமான் அப்படியில்ல. கடைசிக் கூட்டம் போனா போனதுதான். அந்த 17 சதுர கிலோமீட்டரைச் சுத்தி 1967-ல கோடு போடாம இருந்திருந்தா, இன்னைக்கு நீங்க பைனாகுலரை எடுத்துக்கிட்டுப் போக அங்க ஒண்ணும் இருந்திருக்காது. ரெண்டு சட்டமும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல.

நான் சொல்ல வர்றது வேற. ரெண்டு தடவையும் விலை கொடுத்தது ஒரே ஜனங்கதான். உப்புச் சட்டத்துல இழந்தது அந்தக் கரையில வாழுறவங்க, பலன் லண்டனுக்கு. காட்டுச் சட்டத்துல இழந்தது அதே கரையில அடுப்பெரிக்க சுள்ளி பொறுக்கினவங்க, ஆடு மாடு ஓட்டிப் போனவங்க. பலன்ல ஒரு பெரிய பங்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு ஜீப்ல வர்ற நமக்கு. அந்தக் காட்டுல அவங்களுக்கு முன்னாடி ரீட், ரைட் ரெண்டு பெர்மிஷனும் இருந்தது. இப்போ எல்லாருக்கும் ரீட்-ஒன்லி. நமக்கு ரீட்-ஒன்லி போதும், நாம பார்க்கத்தான் போறோம். அவங்களுக்கு அது வாழ்க்கை முறையை மாத்துறது.

இதுக்குத்தான் 1931 ஒப்பந்தத்தை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். வீட்டுக்கு எடுக்கிறதும் வியாபாரத்துக்கு எடுக்கிறதும் ஒண்ணில்லன்னு அது ஒத்துக்கிட்டது. காட்டு விஷயத்துல அந்த மாதிரி யோசனை சட்டத்துல ஏற ரொம்ப நாள் ஆச்சு. 2006 வன உரிமைச் சட்டம்தான் தலைமுறைகளா காட்டைச் சார்ந்து வாழுறவங்களுக்கு சிறு வனப்பொருள் மேல உரிமை உண்டுன்னு சொன்னது. சரணாலயங்களுக்கும் அது பொருந்தும்.

இன்னொரு விஷயம். கோடு போட்டுட்டா மட்டும் மான் பிழைச்சிடாது. சீமைக்கருவேலம் பரவிப் புல்வெளியைத் தின்னுது. கைவிடப்பட்டுக் காட்டுக்குதிரையாவே ஆகிப்போன குதிரைக் கூட்டம் அதே புல்லை மேயுது. குதிரைகள் போட்டோல அழகா இருக்கும், இன்ஸ்டாவுல வெளிமானை விட லைக் அதிகம் வாங்கும். மானுக்கு அது பந்தியில பக்கத்து இலையைப் பறிக்கிற ஆள்.

ஸ்டாப் 4: சதுப்பு, ஒரு மோதிரத்தோட கதை

அடுத்தது பறவைகள். அக்டோபர்ல தொடங்கி மார்ச் வரைக்கும் சீசன். பூநாரை, உள்ளான் வகைகள், உப்புக்கொத்திகள், ஆலாக்கள். ஆயிரக்கணக்குல. பெரும்பாலானது வடக்கே ஆர்க்டிக் ஓரத்துலயும் மத்திய ஆசியாவுலயும் முட்டை போட்டுட்டு, பனி வர்றதுக்குள்ள தெற்கே இறங்குறது.

இவ்வளவு உறுதியா எப்படிச் சொல்றோம்? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்க பல பத்தாண்டுகளாப் பறவைகளைப் பிடிச்சு, கால்ல லேசான உலோக வளையம் மாட்டி விடுற வேலையைச் செஞ்சது. வளையத்துல ஒரு நம்பர், கூடவே கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஒரு வரி. டேட்டாபேஸ் ஆளுங்களுக்குப் புரியும், ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பிரைமரி கீ. அந்தப் பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கேயோ கிடைச்சா, நம்பர் திரும்பி வரும். ஜிபிஎஸ் இல்லாத காலத்துல வலசைப் பாதை வரைபடத்தை இப்படித்தான் புள்ளி புள்ளியா வெச்சாங்க.

அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பறவையைக் காயமில்லாம பிடிக்கணுமே, யாருக்குத் தெரியும்? பிஎச்டி முடிச்சவங்களுக்குத் தெரியாது. பறவை பிடிச்சு விக்கிறதையே பரம்பரைத் தொழிலா வெச்சிருந்த பீகார் மிர்ஷிகார்களுக்குத் தெரியும். அவங்கள்ல அலி ஹுசைன்ங்கிறவர் இந்தத் திட்டங்கள்ல பெரிய பேர் வாங்கினார், கோடியக்கரையிலயும் வேலை பார்த்தார். வலையும் கண்ணியும் வெச்சு, ஒரு இறகு உதிராம பிடிச்சுக் கொடுப்பார். பழைய காலம்னா அவர் பறவைக்கு எமன். இங்க அந்தக் கைத்திறமையைக் குற்றம்னு ஒதுக்காம வேலையா மாத்தினாங்க. ஊர் ஜனங்களை வெளிய தள்ளித்தான் இயற்கையைக் காப்பாத்தணும்னு இல்லங்கிறதுக்கு, இதே சதுப்புல கிடைச்ச உதாரணம் இது.

2002 ஆகஸ்ட்ல இந்த சதுப்பு உட்பட 38,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியல்ல சேர்ந்தது. ராம்சார்ங்கிறது ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம். தமிழ்நாட்டுல அதுல இடம் பிடிச்ச முதல் இடம் இதுதான். அடுத்த 20 வருஷம், 2022 வரைக்கும், ஒரே இடமும் இதுதான்.

ஆனா அதே சதுப்பை ஒட்டி ஆயிரக்கணக்கான ஏக்கர்ல உப்பளங்கள். சின்ன உற்பத்தியாளர்கள் இருக்காங்க, தொழிற்சாலைக்கு உப்பு எடுக்கிற பெரிய உப்பளங்களும் இருக்கு. உப்பளப் பாத்தியிலயும் பறவை மேயும், அதனால இது நல்லவன் கெட்டவன் கதை இல்ல. ஆனா தண்ணி ஓடுற வழியை மாத்தினா, உப்பின் அடர்த்தி ஏறினா, பறவைக்கு இரையான சின்ன உயிர்கள் மாறும். இரை மாறினா பறவை இடம் மாறும். பறவைகள் குறைஞ்சிருக்குன்னு ஆய்வாளர்கள் பல வருஷமாச் சொல்லிக்கிட்டு வர்றாங்க. 1930-ல ஒரு கைப்பிடி உப்புக்காகச் சண்டை போட்ட இடத்துல, இன்னைக்குக் கேள்வி திரும்பி நிக்குது: எவ்வளவு உப்பு எடுத்தா அளவு மீறுது? ஒரு சுள்ளிக்கட்டுல கண்டிப்பு காட்டுற நாம, ஏக்கர் கணக்குக்கும் அதே கண்டிப்பைக் கேட்கிறோமா?

ஸ்டாப் 5: கரை, 2004, 2018

கடைசியா பீச். சர்ஃபிங், ஷாக், மியூசிக் எதிர்பார்க்காதீங்க. இது உழைக்கிற கரை. அக்டோபர்ல இருந்து மார்ச் வரை மாவட்டத்தோட மத்த ஊர் மீனவர்களும் இங்க வந்து தங்கித் தொழில் பார்ப்பாங்க. படகு, வலை, ஐஸ் பெட்டி, காயுற கருவாடு. பறவை சீசனும் மீன் சீசனும் ஏறக்குறைய ஒண்ணுதான். இதே கரையில ஜனவரியில இருந்து பங்குனி ஆமைகள் முட்டை போட ஏறும். வனத்துறை அந்த முட்டைகளைச் சேகரிச்சு, பொரிப்பகத்துல வெச்சு, குஞ்சுகளைக் கடல்ல விடும்.

'பொன்னியின் செல்வன்' படிச்சவங்களுக்கும் படமாப் பார்த்தவங்களுக்கும் கோடிக்கரைன்னா பூங்குழலியும் கலங்கரை விளக்கமும்தான். சோழர் காலத்ததுன்னு சொல்லப்பட்ட ஒரு பழைய செங்கல் கலங்கரை விளக்கம் நிஜமாவே இங்க இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில இடிஞ்சு விழுந்தது. இப்போ மிச்சம் கொஞ்சம் இடிபாடு. அன்னைக்கு நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் இறந்தவங்க 6,000-க்கும் மேல. கட்டடத்தைப் பத்தி வருத்தப்படும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லிடணும்.

அப்புறம் 2018 நவம்பர் 16 அதிகாலை, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தது. தென்னை, மா, வீடு, படகு, உப்பளம் எல்லாம் போச்சு. காட்டுல மரங்கள் வரிசையாச் சாய்ஞ்சது. வெளிமானும் புள்ளிமானும் குதிரையும் செத்துக் கிடந்தது. சிலது கரை ஒதுங்கியது. சரணாலயம்னு நாம போட்ட கோடு வேட்டைக்காரனுக்குத்தான் தெரியும், புயலுக்குத் தெரியாது. ஒரே துண்டு நிலத்துல மொத்தக் கூட்டமும் இருந்தா, ஒரே ராத்திரியில எல்லாத்துக்கும் அடி. பேக்கப் இல்லாத சர்வர் மாதிரி.

சரி, பிளான்

மாதம்: ஜனவரி கடைசியில இருந்து பிப்ரவரி. பறவை இருக்கும், ஆமை சீசன் இருக்கும், மழை ஓய்ஞ்சிருக்கும். நவம்பர், டிசம்பர் வேண்டாம், அது புயல் காலம்.

வழி: திருத்துறைப்பூண்டி வரைக்கும் வந்து, அங்க இருந்து அகஸ்தியம்பள்ளி ரயில். கிளம்புறதுக்கு முன்னாடி நேரத்தைச் சரிபார்த்துக்கங்க. வேதாரண்யத்துல தங்கினா சாப்பாட்டுக்கும் வசதி. சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும், அதை முன்னாடியே விசாரிங்க.

வரிசை: முதல்ல ஸ்தூபி. அதைப் பார்க்காம மானைப் பார்க்கப் போனா பாதி டிரிப்தான். அதிகாலையில சதுப்பு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி புல்வெளி, சாயங்காலம் ராமர் பாதம், கடைசியா கரை. டிரோன் வேண்டாம், மானை விரட்டி வீடியோ எடுக்க வேண்டாம், குதிரைக்கு பிஸ்கட் போட வேண்டாம்.

காசு: அங்கேயே செலவு பண்ணுங்க. உள்ளூர் வண்டி, உள்ளூர் மெஸ், பறவைகளைப் பேர் சொல்லிக் காட்டத் தெரிஞ்ச உள்ளூர் ஆள். அந்தக் காட்டை நமக்காகத் தொடாம விட்டுக் கொடுத்தவங்க அவங்க. நம்ம டிரிப்ல அவங்களுக்கு ஒரு பங்கு போறது தானமில்ல, பாக்கி.

ஊர்க்காரங்ககிட்ட பேச்சுக் கொடுங்க. காட்டைப் பத்தி, உப்பைப் பத்தி, கஜா அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. மரத்துல சோத்துப் பொட்டலம் தொங்க விட்ட கதையை அங்க யாராவது ஒரு பெரியவர் தன் பாட்டி வாயால கேட்டிருக்கலாம். கிடைச்சா அனுமதி கேட்டுட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அந்தப் பேர் தெரியாத அம்மாக்கள்ல ஒருத்தர் பேராவது நமக்குக் கிடைச்சா, அதுக்குன்னு தனியா ஒரு எபிசோட் போட்டுடலாம்.

அடுத்த வாரம் வேற ஊர், வேற கதை.